குளிர்நாட்டு மனையும் வெப்ப ஏற்றமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மின்விசிறி நின்றால் மூச்சு முட்டும் இவ்வூரில், வீட்டைச் சூடாக்கும் வகையைப் பற்றி ஒருவன் பேச எழுந்தால், 'இவனுக்கு வேறு பொருள் கிடைத்திலதோ' என்று நகைப்பார் உளராதல் இயல்பே. தமிழாசிரியனாகிய யான் இலக்கியத்தை விடுத்து இயந்திரத்தைப் பேசுவது சிலர்க்கு வியப்பாகவும் இருக்கலாம். ஆயினும் இப்பொருளை யானே வேண்டிப் பெற்றேன். ஈண்டுக் கூடியிருப்போருள் மகனையோ மகளையோ இங்கிலாந்துக்கு அனுப்பியிருப்பவர் பலர். மருத்துவமனைப் பணிக்கும் கணிப்பொறித் தொழிலுக்கும் சென்ற அம்மக்கள் இப்பொழுது லண்டனிலும் லெஸ்டரிலும் பர்மிங்ஹாமிலும் கடன்பட்டு வீடு வாங்கியிருக்கின்றனர். பழைய வீட்டோடு பழைய பாய்லரும் சேர்ந்தே வருகின்றது. அது பழுதுற்ற அன்று தொலைபேசியில் இங்குள்ள தந்தையைக் கேட்கின்றனர்: "அப்பா, புதிய பாய்லர் வைப்பதா? எல்லாரும் சொல்லுகின்ற ஹீட் பம்பு வைப்பதா?" தந்தையார் என்ன விடை கூறுவார்? பல்லாயிரம் பவுன் செலவாகும் காரியம் இது. அவ்வினாவிற்கு ஒரு வழி காண்பதே இன்று என் நோக்கம்.

குளிர் என்பதை நாம் மார்கழி விடியலைக்கொண்டு அளந்துவிடலாகாது. டிசம்பர் மாதத்தில் லண்டன் நகரில் மாலை நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைவான். ஆண்டிற் பாதிக்காலம் வீட்டினுள் வெப்பம் ஊட்டினாலன்றி வாழ்தல் அரிது. வீட்டினுள் வெப்பம் 18 டிகிரிக்குக் குறையாதிருத்தல் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டிற் கூறியுள்ளது. குளிர்ந்த வீட்டில் முதியோர்க்கு இரத்த அழுத்தம் ஏறும், சுவாசநோய் மிகும். குளிர்ந்த சுவரில் மூச்சின் ஈரமும் சமையலின் ஆவியும் படிந்து கரும்பூசணம் பூக்கும். ராச்டேல் என்னும் ஊரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று 2020-ஆம் ஆண்டு இறந்தது. வீட்டிற் படர்ந்திருந்த பூசணமே அதன் மூச்சுநோய்க்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் முடிவு கூறினார். ஆதலின் செலவுக்கு அஞ்சி வெப்பத்தை அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் முடங்கியிருத்தல் சிக்கனம் ஆகாது. பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லும் நம் முதியோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

முன்னாளில் அந்நாட்டார் அறைதோறும் நிலக்கரி எரித்தனர். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரைக் கரும்புகையும் மூடுபனியும் கலந்து மூடின. ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என்று அப்பொழுதே கணக்கிட்டனர். பின்வந்த ஆராய்ச்சியாளர் அத்தொகையை இன்னும் பன்மடங்கு உயர்த்துவர். அதன் பயனாக 1956-இல் தூயகாற்றுச் சட்டம் பிறந்தது. பின்னர் 1965-இல் வடகடலின் அடியில் எரிவாயு கண்டனர். 1967 முதல் 1977 வரை பத்தாண்டுகளில், வீடுவீடாகச் சென்று ஏறக்குறைய 4 கோடி அடுப்புகளையும் கருவிகளையும் அவ்வாயுவிற்கேற்ப மாற்றி முடித்தனர். ஒரு நாடு முழுவதும் தன் அடுப்பைப் பத்தாண்டில் மாற்றிக்கொண்டது எளிய செயலன்று. இன்று அங்கே நூறு வீட்டில் எண்பதுக்கு மேற்பட்டவை அவ்வாயுவாலேயே சூடேறுகின்றன. வடகடல் வாயு குறைந்து வருதலாலும், 2022-இல் உக்ரேன் போரால் விலை தாறுமாறாக ஏறியதாலும், புகையைக் குறைத்து 2050-க்குள் கரிக்கணக்கை நேர்செய்வதென 2019-இல் சட்டம் வகுத்துக்கொண்டதாலும், இப்பொழுது மீண்டும் ஒரு மாற்றம் வேண்டியிருக்கின்றது.

நிற்க. பாய்லர் எப்படி வேலை செய்கின்றது என்பதை முதற்கண் பார்ப்போம். நம் பழைய வீடுகளிற் குளியலறையில் ஒரு செம்புப் பாய்லர் இருக்கும்; நடுவே குழல்; குழலிற் கரியோ கொட்டாங்கச்சியோ எரியும்; சுற்றிலும் நீர் காயும்; மேலே புகை போகும். இங்கிலாந்து வீட்டுப் பாய்லரும் அதுவே. அதன் வெந்நீர் குழாய் வழியே அறைதோறும் சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர் என்னும் இரும்புப் பலகைகளுட் சென்று, வெப்பத்தை அறைக்கு ஈந்து, சற்று ஆறித் திரும்பி வரும். புகையோடு போகும் வெப்பம் வீண். மிகப் பழைய பாய்லர்களில் நூறு பங்கு வாயுவில் எழுபது பங்குதானும் வீட்டுக்குப் பயன்படுவதில்லை.

புதுவகைப் பாய்லர் இவ்விழப்பை மீட்கின்றது. யாங்ஙனமெனின், எரிவாயு எரியுங்கால் நீராவியும் பிறக்கும். வாயுவின் வெப்பத்திற் பத்தில் ஒரு பங்கு அவ்வாவியில் மறைந்திருக்கும். ஆவி நீராகும்போது அம்மறைந்த வெப்பம் வெளிப்படும். இட்டலி வேவது இதனாலேயே என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். ஆவி மாவின்மேற் படிந்து நீராகித் தன் வெப்பத்தை அதற்கு ஈகின்றது. அதுபோல், புகையிலுள்ள ஆவியைத் திரும்பிவரும் ஆறிய நீரைக்கொண்டு குளிரச்செய்து நீராக்கி, அவ்வெப்பத்தையும் பறித்துக்கொள்ளும் பாய்லரே புதுவகைப் பாய்லர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல், சிற்சில விலக்குகள் நீங்க, புதிதாக வைக்கும் வாயுப் பாய்லர் இவ்வகையினதாகவே இருத்தல்வேண்டும் என்பது விதி.

ஈண்டு ஒரு நுட்பம் உளது. என் பேச்சு முழுவதற்கும் இதுவே உயிர்நிலை என்று சொல்லுவேன். ஆவி நீராகவேண்டுமானால் திரும்பிவரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழ் இருத்தல்வேண்டும். பாய்லரை வைத்துச்செல்லும் வேலைக்காரரோ பெரும்பாலும் 75 அல்லது 80 டிகிரியில் அதனைத் திருகிவைத்துப் போய்விடுகின்றனர். அப்போது திரும்பும் நீரே 60-க்கு மேல் இருக்கும். ஆவி ஆவியாகவே புறத்தே பறக்கும். விலையுயர்ந்த புதுப் பாய்லர் வாங்கியவன் பழைய பாய்லரின் பயனையே பெறுகின்றான்! நீரை 60 டிகிரிக்கோ அதற்குங் கீழோ இறக்கிவைத்தால் நூற்றில் 6 முதல் 8 பங்கு வரை வாயு மிச்சமாகலாம் என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஒரு திருகைத் திருகினாற் போதும். வாடகை வீட்டிலிருக்கும் மாணவனும் வீட்டுக்காரர் இசைவுடன் இதனைச் செய்யலாம். வெந்நீர்த் தொட்டி தனியாக உள்ள வீட்டில்மட்டும் தொட்டியின் நீரை 60 டிகிரிக்குக் குறைத்தலாகாது. குறைத்தால் லெஜியனெல்லா என்னும் நோய்க்கிருமி அதில் வளரும்.

இனி, ஹீட் பம்புக்கு வருவோம். 'வெப்ப எக்கி' என்று எழுதுவர் சிலர். யான் 'வெப்ப ஏற்றம்' என்றே சொல்ல விரும்புகின்றேன். ஏற்றம் என்பது உயர்த்துதலையும் குறிக்கும். கிணற்றில் நீர் இறைக்கும் கருவியையும் குறிக்கும். இரண்டு பொருளும் இவ்வியந்திரத்துக்கு அப்படியே பொருந்தும். ஏற்றத்தில் இறைப்பவன் நீரைப் படைப்பதில்லை. கீழே கிடக்கும் நீரை மேலே கொண்டுவருகின்றான். இவ்வியந்திரமும் வெப்பத்தைப் படைப்பதில்லை. வெளியிலே கிடக்கும் வெப்பத்தை எடுத்து வீட்டினுள் ஊற்றுகின்றது. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப்பார்த்தவர்க்கு இது விளங்கும். உள்ளேயிருக்கும் பாலிலும் காயிலுமிருந்து வாங்கிய வெப்பமே பின்புறத்திற் சுடுகின்றது. வெளியுலகத்தையே குளிர்ப்பெட்டியின் உட்புறமாகவும், தன் வீட்டைப் பின்புறமாகவும் எண்ணிக்கொண்டால் அதுவே வெப்ப ஏற்றம்.

'பனிக்காலத்து வெளிக்காற்றில் வெப்பம் ஏது' என்று கேட்கலாம். நாம் சுழி என்று எழுதும் டிகிரி வெப்பத்தின் முடிவன்று. வெப்பம் அறவே இல்லாத நிலை அதற்குக் கீழே 273 டிகிரியில் உள்ளது. அக்காற்றினும் குளிர்ந்த ஒரு திரவத்தை அதன் எதிரே செலுத்தினால், காற்றின் வெப்பத்தை வாங்கி அது கொதித்து ஆவியாகும். அவ்வாவியை மின்சாரத்தால் இறுக்கினால் அதன் வெப்பநிலை ஏறும். அவ்வெப்பத்தை ரேடியேட்டர் நீருக்குக் கொடுத்து மீண்டும் திரவமாகித் தன் சுற்றைத் தொடரும்.

இது நேற்றுத் தோன்றிய புதுமையுமன்று. கெல்வின் பிரபு என்று பின்னர்ப் புகழ்பெற்ற வில்லியம் தாம்ஸன் 1852-லேயே இக்கருத்தை எழுதினார். ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரமன்றத்தில் 1938-இல் ஆற்றுநீரின் வெப்பத்தை எடுக்கும் இயந்திரம் அமைந்தது. இங்கிலாந்தின் நாரிச் நகரில் 1945-இல் ஜான் சம்னர் என்னும் பொறியாளர் வென்சம் ஆற்றிலிருந்து வெப்பம் இறைத்து மின்சாரத்துறைக் கட்டடத்தைச் சூடாக்கினார். கரியும் வாயுவும் மலிவாயிருந்தமையால் அக்காலத்தில் அதனைப் பின்பற்றுவார் இலராயினர். இங்கிலாந்தினும் குளிர்மிக்க நார்வே நாட்டிற் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இன்று இவ்வியந்திரம் உள்ளது. 'குளிர்நாட்டில் இது ஓடாது' என்று சில பத்திரிகைகள் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு நகைப்பே உண்டாகின்றது. 'வைத்தவுடன் செலவு பாதியாகும்' என்று விற்பனைக்காரர் கூறுவதும் அத்தகையதே.

உண்மை ஏற்றத்தின் இயல்பில் உள்ளது. ஆழமில்லாத கிணற்றில் இறைத்தல் எளிது. ஆழ்கிணற்றில் அதே நீருக்கு உழைப்பு மிகுதி. வெளியே 5 டிகிரி என்க. ரேடியேட்டர் நீர் 35 டிகிரி போதுமானால் 30 டிகிரி ஏற்றினாற் போதும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பொதுவாக நான்கு யூனிட் வெப்பமும் கிடைக்கும். நீர் 65 டிகிரி வேண்டுமென்றால் ஏற்றும் உயரம் 60 டிகிரியாகும். பயனும் பாதியளவில் வந்து நிற்கும். ஆகவே புதுப் பாய்லரும் வெப்ப ஏற்றமும் வேறுவேறு கருவிகளாயினும் இரண்டுக்கும் விதி ஒன்றே: நீர் எவ்வளவு வெதுவெதுப்பாக ஓடுகின்றதோ அவ்வளவு இலாபம். ஆனால் வெதுவெதுப்பான நீர் அறையைச் சூடாக்கவேண்டுமானால் ரேடியேட்டர் பெரிதாதல்வேண்டும். நீர் 70 டிகிரியிலிருந்து 50-க்கு இறங்கினால் அதே பலகை ஏறக்குறையப் பாதி வெப்பமே தரும். அன்றியும் வீட்டிலிருந்து வெப்பம் ஒழுகுதல் குறையவேண்டும். ஓட்டைச் சாலில் இறைப்பவன் கை ஓய்வதில்லை.

இனிக் கணக்கு. பள்ளி ஆசிரியன் கணக்கின்றிப் பேசுதல் தகாது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அரசு வகுத்த சராசரி உச்சவிலைப்படி மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்னி, வாயு 6.29 பென்னி. அஃதாவது மின்சாரம் வாயுவினும் நான்கு மடங்குக்கு மேல் விலையுடையதாயிருந்தது. ஒரு வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 10,000 யூனிட் வெப்பம் வேண்டுமென்று கொள்வோம். நூற்றுக்கு 90 பங்கு பயன்தரும் நல்ல பாய்லருக்கு ஏறக்குறைய 699 பவுன் செலவாகும். 70 பங்கே தரும் பழைய பாய்லருக்கு 899 பவுன். இரண்டுக்கும் வாயு இணைப்பை வைத்திருப்பதற்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய 34 பென்னி வீதம் 124 பவுன் தனியாகச் சேரும். சமையலும் மின்சாரத்துக்கு மாறினால் அத்தொகை முற்றும் மிஞ்சும்.

வெப்ப ஏற்றமோ? 2020 முதல் 2023 வரை அந்நாட்டில் 742 வீடுகளில் நடத்திய பெருஞ்சோதனையிற் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் இயந்திரங்கள் நடுத்தரமாக ஒன்றுக்கு 2.8 தந்தன. அவ்வாறாயின் 10,000 யூனிட் வெப்பத்துக்கு 941 பவுன். பழைய பாய்லரின் 1,023 பவுனோடு ஒப்பிட்டால் இலாபம். நல்ல பாய்லரின் 823 பவுனோடு ஒப்பிட்டால் நட்டம். ஆனால் ஒன்றுக்கு நான்கு பெறுமாறு செம்மையாக அமைத்தால் 659 பவுனே செலவு, எல்லாவற்றினும் குறைவு. இரண்டும் சமமாகும் இடம் ஒன்றுக்கு 3.2 என்னும் அளவு. ஆகவே, 'பாய்லரா, வெப்ப ஏற்றமா' என்பதைவிட, 'வைப்பவன் 3.2-க்கு மேல் வரும்படி வைப்பானா' என்பதே கேட்கவேண்டிய கேள்வி. நேரே மின்சாரச் சுருளால் வீட்டைச் சூடாக்குவோர்க்கு அதே வெப்பத்துக்கு 2,635 பவுன் ஆகும். அவர்கள் வெப்ப ஏற்றத்துக்கு மாறச் சிறிதும் தயங்கவேண்டுவதில்லை. முன்பு மின்சாரம் கரியால் ஆயிற்று என்ற குறையும் இப்போது இல்லை. அந்நாட்டின் கடைசிக் கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது.

என் தமையனார் மகன் லெஸ்டரில் இருக்கின்றான். 1930-களிற் கட்டிய வீடு. சென்ற ஆண்டுக்கு முன்னாண்டு ஜனவரியில், கடுங்குளிரில், அவன் பாய்லர் நின்றது. மறுநாளே ஒரு கம்பெனிக்காரர் வந்தார். கூடத்தில் நின்றபடியே கால்மணி நேரம் பார்த்தார். 14 கிலோவாட் வெப்ப ஏற்றம் வேண்டுமென்று எழுதிக்கொடுத்தார். "அறைதோறும் கணக்குப் பார்த்தீர்களா" என்று இவன் கேட்டதற்கு, "எங்கள் அனுபவமே கணக்கு" என்றாராம். இவன் அவரை அனுப்பிவிட்டுப் பழைய பாய்லருக்கு ஓர் உறுப்பை மாற்றிக் கோடைவரை ஓட்டினான். என் கருத்தில் அவன் செய்த காரியங்களுள் தலைசிறந்தது இதுவே. நடுங்கும் குடும்பத்தை அருகில் வைத்துக்கொண்டு விலைபேசுபவன் ஏமாறாதிருத்தல் அரிது.

கோடையில் வந்த வேறொருவர் அரைநாள் இருந்து சுவர், சன்னல், கதவு, தளம் அனைத்தையும் அளந்தார். வேண்டுவது 7 கிலோவாட்டே என்று கண்டது. முதல் ஆள் சொன்ன இரட்டிப்புப் பெரிய இயந்திரம் வாங்கியிருந்தால், விலை மிகுந்ததோடு அது அடிக்கடி நின்றுநின்று ஓடித் தேய்ந்தும் போயிருக்கும். கூரையடியில் 100 மில்லிமீட்டர் கனமே இருந்த வெப்பக்காப்பை 270 ஆக்கினர், நான்கு ரேடியேட்டர்களைப் பெரிதாக்கினர், கதவிடுக்குகளை அடைத்தனர். குளியலறையிலும் சமையலறையிலும் காற்றுப்போக்கியை மட்டும் அடைக்காமற் செப்பனிட்டனர். ஒழுகலை அடைப்பது வேறு, மூச்சை அடைப்பது வேறு. இடுக்கெல்லாம் அடைத்துக் காற்றுக்கு வழியில்லாமற் செய்த வீட்டிலேதான் பூசணம் கொழிக்கும். வெந்நீர்த் தொட்டிக்கு இடமில்லாமல், மாடிப்படியின் கீழ் அண்ணியார் பூசைக்கென வைத்திருந்த அலமாரியை வேறிடம் மாற்றவேண்டியதாயிற்று. அதுபற்றி வீட்டில் ஒரு வாரம் வழக்கு நடந்தது. வெப்ப ஏற்றத்துக்கு ஒரு தொட்டி இன்றியமையாததாகலின், சிறு வீட்டினர் இடத்தை முன்னரே எண்ணிப்பார்த்தல் நன்று.

குளிர்காலம் வந்தது. அண்ணியார் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, இவ்வளவு பணம் போட்டும் இரும்பு கொஞ்சமும் சுடவில்லை, கை வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது" என்று வருந்தினார். அறையில் தொங்கும் வெப்பமானி எவ்வளவு காட்டுகின்றது என்று கேட்டேன். 20 டிகிரி என்றார். இரும்பு சுடாமல் அறை சூடாயிருப்பதே இதன் வெற்றி என்பதை அவருக்கு உணர்த்த நெடுநேரம் ஆயிற்று. விளக்கை அணைப்பதுபோல் இரவில் இயந்திரத்தை அணைத்துவைத்ததும் தெரியவந்தது. நம் வீட்டுப் பெண்மணிகளின் சிக்கனம் போற்றத்தக்கது. ஆயினும் இவ்விடத்து அது எதிராகும். ஆறிப்போன வீட்டை விடியலில் விரைந்து சூடாக்க நீரை மிக உயரம் ஏற்றவேண்டியிருக்கும்; செலவு மிகும். இரவில் இரண்டொரு டிகிரி குறைத்து விட்டுவிட்டால் அது மெல்ல ஓடிக்கொண்டேயிருக்கும். அவ்வாறு விட்டபின் இருவர்க்கும் மனநிறைவு.

அரசின் உதவிப்பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-இல் இதற்கெனத் தொடங்கிய திட்டத்தில் முதலில் 5,000 பவுன் அளித்தனர். 2023 அக்டோபர் 23 முதல் அதனை 7,500 ஆக்கினர். பணம் வீட்டுக்காரர் கைக்கு வருவதில்லை. இயந்திரம் வைப்பவரே விண்ணப்பித்து விலையிற் கழித்துக்கொள்வர். ஆதலின், உதவிப்பணம் வாங்கித்தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டு வாசலில் நிற்பவரை நம்பலாகாது. முன்னர்ப் பக்கத்து வீட்டெல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே வெளியியந்திரத்தை வைக்கவேண்டும், இன்றேல் தனி அனுமதி பெறவேண்டும் என்னும் விதி இருந்தது. இங்கிலாந்தில் 2025 மே மாதத்தில் அவ்விதி நீங்கியமையால் ஒட்டுவீட்டுக்காரர்க்கும் வழி திறந்தது.

ஆகலின், உங்கள் மக்கள் கேட்டால் இவ்வாறு கூறுங்கள். பாய்லர் வைத்து ஐந்தாறு ஆண்டேயாயின் அதனைப் பிடுங்கி எறியவேண்டா. நீரின் சூட்டை இறக்குக. கூரையடிக் காப்பைக் கனமாக்குக. பதினைந்தாண்டு கடந்ததாயின் அது நிற்கும்வரை காத்திராமல் இந்தக் கோடையிலேயே இருவர் மூவரை அழைத்து அறைதோறும் கணக்கெடுக்கச் சொல்லுக. எத்தனை டிகிரி நீருக்கு அமைக்கின்றார், ஒன்றுக்கு எத்தனை வரும் என்பதை எழுத்தில் வாங்குக. எழுதித்தர மறுப்பவர்க்கு விடைகொடுக்க. வாயு வேலை எதற்கும் 'கேஸ் சேஃப்' பதிவுச்சீட்டு உள்ளவரையே அமர்த்துக. அரைகுறையாக எரியும் வாயுவின் நச்சுப்புகைக்கு மணமில்லை.

பிள்ளைகளின் வாயுக் கட்டணச்சீட்டையும் மின்சாரக் கட்டணச்சீட்டையும் கொண்டுவந்திருக்கும் அன்பர்கள் கூட்டம் கலைந்தபின் என்னிடம் காட்டலாம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இங்கேயே உள்ளன. ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்.